நாற்காலி மாறி உட்கார்ந்தவள்

மார்லிஸ் ஹாவ்ரானெக் என்ன படிக்கிறாள் என்று யாராவது கேட்டால், அவள் பதிலை முடிப்பதற்குள் கேட்டவரின் காபி ஆறிவிடும். மனசு நொந்தவர்களிடம் உட்கார்ந்து பேசுகிறவர் ஆலோசகர். அந்த ஆலோசகரைப் பழக்க ஒரு வாத்தியார் வேண்டும். பழகுகிறவர் சரியாகச் செய்கிறாரா என்று பார்க்க ஒரு மேற்பார்வையாளர் வேண்டும். அந்த வாத்தியாரும் மேற்பார்வையாளரும் ஆவதற்கென்றே ஒரு முனைவர் பட்டம் இருக்கிறது. ஐம்பத்திரண்டு வயதில் அவள் அதில்தான் மாட்டிக்கொண்டிருந்தாள். முடித்தால் டாக்டர் என்று கூப்பிடுவார்கள், ஆனால் முதுகுவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர முடியாது. அவளுடைய முன்னாள் கணவன் லேலண்ட் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அதற்கு முன்னால் இருபத்து மூன்று வருஷம் நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பக்கம் ஒரு சின்னப் பள்ளியில் பிள்ளைகளுக்கு ஆலோசகராக இருந்தாள். பிள்ளைகள் குறைந்துபோய் அந்தப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்கள். அதே கோடையில் லேலண்டோடு இருந்த கல்யாண வாழ்க்கையும் முடிந்தது. பள்ளிக்காவது பிரிவு விழா வைத்து கேக் வெட்டினார்கள்.

வீடு லேலண்டுக்குப் போயிற்று. நாயும் வீட்டோடு போயிற்று. அவள் நாலு மணி நேரம் கார் ஓட்டி இந்தப் பல்கலைக்கழக ஊருக்கு வந்து, நாய் பூனைக்கு அனுமதியில்லாத ஓர் அடுக்குமாடியின் கீழ்த் தளத்தில் ஒற்றை அறை எடுத்தாள். இது மூன்றாவது வருஷம்.

கல்வியியல் கட்டடத்தின் அடித்தளத்தில்தான் பயிற்சி மையம். நாலு அறை. ஒவ்வொன்றிலும் இரண்டு நாற்காலி, ஒரு விளக்கு, ஒரு பெட்டி டிஷ்யூ, கூரை மூலையில் குளவிக்கூடு மாதிரி ஒரு கேமரா, ஒரு பக்கம் கண்ணாடிச் சுவர். அந்தப் பக்கமிருந்து பார்த்தால் எல்லாம் தெரியும், இந்தப் பக்கமிருந்து பார்த்தால் தன் மூஞ்சிதான் தெரியும். உள்ளே பேசுவது வெளியே கேட்காமலிருக்க நடைவழியில் ஒரு சின்ன இயந்திரம் மழை மாதிரி இரைந்துகொண்டே இருக்கும். புதிதாக வருகிறவர்கள் கூரை ஒழுகுகிறதோ என்று அண்ணாந்து பார்ப்பார்கள்.

மார்லிஸின் இடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இருட்டில் உட்கார்ந்து, முதுகலை படிக்கிறவர்கள் முதல் முதலாக நிஜ மனிதர்களுக்கு ஆலோசனை சொல்வதைப் பார்த்துக் குறிப்பெழுதுவாள். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, பதிவான டேப்பை நிறுத்தி நிறுத்திப் பேசுவாள். இப்போதெல்லாம் கணினியில்தான் பதிவாகிறது, ஆனாலும் எல்லோரும் டேப் என்றுதான் சொல்வார்கள்.

இந்த வேலையில் யாரும் சொல்லாத ஒரு வினை உண்டு. மேற்பார்வை செய்கிற மாணவர்களோடு நட்பு கூடாது, நாளைக்கு அவர்களுக்கு மதிப்பெண் போட வேண்டும். பேராசிரியர்களோடு கூடாது, அவர்கள் இவளுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். ஊர்க்காரர்களோடு பழகலாம் என்றால் சின்ன ஊர், இன்றைக்குச் சலவைக்கடையில் சிரித்தவர் நாளைக்குக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அழுதுகொண்டிருப்பார். அங்கே கேட்டதை வெளியே மூச்சு விடவும் கூடாது. ஆக, நாள் முழுக்க மனிதர்களின் ஆழமான பேச்சைக் கேட்டுவிட்டு, சாயந்திரம் தன் காரிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்பாள். அறைக்குப் போனால் குளிர்பதனப் பெட்டி உறுமும் சத்தம் மட்டும்தான். காரில் ரேடியோவாவது மக்காச்சோள விலை சொல்லும்.

அந்த செமஸ்டர் அவளிடம் வந்து சேர்ந்தவன் கேலன் டிட்மர்.

முப்பத்தெட்டு வயது. வயலில் சக்கரம் வைத்துச் சுற்றுகிற நீர்க்குழாய்களைப் பழுது பார்க்கிற மெக்கானிக்காகப் பதினாறு வருஷம் இருந்தவன். கை இரண்டும் பலகை மாதிரி. அவனுடைய பெரியப்பா மகன் ஒரு மார்ச் மாதம் காலையில் தானியக் கொட்டகைக்குள் போனான், தன் காலால் திரும்பி வரவில்லை. அந்த மாவட்டத்தில் ஆலோசகர் என்று ஒருவர்கூட இல்லை. பக்கத்தில் இருப்பவரே தொண்ணூறு மைல் தள்ளி. அடக்கம் முடிந்த வாரமே கேலன் விண்ணப்பம் வாங்கிவிட்டான்.

நல்லவன். ஆனால் அவனுக்கு ஒரு வியாதி இருந்தது. எதைப் பார்த்தாலும் ரிப்பேர் செய்துவிடுவான்.

முதல் டேப்பில் ஓர் அம்மாள், ராத்திரிச் சாப்பாட்டில் கணவன் தன்னிடம் பேசுவதே இல்லை என்று சொல்கிறாள். கேலன் முன்னால் சாய்ந்து, டி.வி. மேஜைக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்கிறான். பிறகு அதை எந்தச் சுவருக்கு நகர்த்தலாம், எத்தனை அங்குல ஆணி வேண்டும் என்று பத்து நிமிஷம் விளக்குகிறான். அந்த அம்மாள் குறித்துக்கொண்டு போகிறாள். டேப் தேறவில்லை.

இரண்டாவதில் ஒரு கல்லூரிப் பையன் தன் அப்பாவைப் பற்றிச் சொல்ல ஆரம்பிக்கிறான். கேலன் டிஷ்யூ பெட்டியைத் தூக்கி அவன் மடியிலேயே வைத்துவிடுகிறான். அதுவும் தேறவில்லை.

"டிஷ்யூவை எதுக்கு நீட்டினே?" மார்லிஸ் டேப்பை நிறுத்தினாள்.

"அழுதானே, மேடம்."

"அழலை. கண்ணு கலங்குச்சு. நீ பெட்டியை வச்ச உடனே நிறுத்திட்டான்."

"நல்லதுதானே?"

"குழாயில தண்ணி வர ஆரம்பிக்கும்போது வால்வை மூடுவியா?"

கேலன் நிஜமாகவே யோசித்தான். "லீக்குன்னா மூடுவேன்."

"இது லீக் இல்ல, கேலன்."

"பின்ன என்னதான் பண்றது?"

"ஒண்ணும் பண்ணாதே. கூட உட்காரு."

"சும்மா உட்கார்றதுக்கா நான் வேலையை விட்டேன்?"

"ஆமா. அதுக்குத்தான் விட்டே."

அவன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "என் பொண்டாட்டியும் இதையேதான் சொல்றா. அவ சும்மா சொல்றா, நீங்க மார்க்கைக் குறைச்சுட்டுச் சொல்றீங்க."

ஒவ்வொரு மாணவரும் கொடுக்கிற மூன்று டேப்பையும் பார்ப்பவர் பேராசிரியர் ஆர்டித் ஓடல். மூன்றில் ஒன்றாவது தேற வேண்டும். தேறாவிட்டால் அடுத்த வருஷம் வா என்பதெல்லாம் கிடையாது, படிப்பிலிருந்தே அனுப்பிவிடுவார்கள். மனசு நொந்தவர்களிடம் யாரை விடுவது, யாரை நிறுத்துவது என்று வாசலில் நின்று பார்ப்பதும் இந்தத் தொழிலில் ஒரு வேலை. கேலனின் வாசலில் நிறுத்தியிருந்தது மார்லிஸைத்தான். கடைசித் தேதி டிசம்பர் முதல் வெள்ளிக்கிழமை.

அதற்கு முந்தைய செவ்வாய்க்கிழமை உறைமழை பெய்தது. ரோடெல்லாம் கண்ணாடி மாதிரி பனிக்கட்டி. மூன்று மணிக்கு வரவேண்டிய ஆள், கார் பள்ளத்தில் இறங்கிவிட்டது, தனக்கு ஒன்றுமில்லை, ஆனால் வர முடியாது என்று போன் செய்துவிட்டார். கேலனுக்கு அதற்கப்புறம் வேறு யாரும் பதிவாகியிருக்கவில்லை.

அவன் அறையில் தன் நாற்காலியில் உட்கார்ந்து எதிர் நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு எழுந்து சுற்றிக்கொண்டு அறைக்குள் வந்தாள்.

"அவ்வளவுதான் போலிருக்கு, மேடம்," என்றான். "ட்ராக்டர் கம்பெனியில ஆள் எடுக்கறாங்களாம். என்னை ஞாபகம் வச்சிருப்பாங்க."

"வாயை மூடு. கேமரா ஓடுதா?"

"ஓடுது."

"மூணுல ஒரு டேப் ஒத்திகையா இருக்கலாம்னு விதியில இருக்கு. நான் உட்கார்றேன்."

ஒத்திகை என்பது அங்கே எல்லோரும் செய்வது. ஆள் வராத நாளில் ஒருவர் ஆலோசனை கேட்க வந்தவர் போல உட்கார்ந்து ஒரு கற்பனைக் கஷ்டத்தைச் சொல்வார். அதற்கும் அளவு உண்டு. பத்துக்கு மூன்று. கூட இருப்பவன் பாத்திரம் கழுவுவதில்லை, அத்தை ஓயாமல் போன் செய்கிறாள், இந்த மாதிரி. மூன்றுக்கு மேல் போகக் கூடாது. நிஜத்தைக் கொண்டுவரவே கூடாது. முதல் வகுப்பிலேயே இதை மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் மார்லிஸ்தான்.

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். இரண்டு வருஷத்துக்கு மேல் இந்த மையத்தில் இருந்தும் அந்தப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. இது கொஞ்சம் தாழ்வு.

"எனக்கு மேல் மாடியில ஒருத்தி இருக்கா," என்று ஆரம்பித்தாள். கற்பனைதான், முக்கால்வாசி. "தினம் காலையில ஆறு மணிக்கு வேக்குவம் கிளீனர் போடறா. தடதடன்னு. சனி ஞாயிறுகூட விடறதில்ல."

கேலனின் கை எழுந்தது. மேல்தளத்துக்கு எந்த மாதிரிக் கம்பளம் போடலாம் என்று அவன் வாய் வரை வந்ததை அவள் பார்த்தாள். அவன் அந்தக் கையைப் பிடித்து இழுத்துத் தன் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு மற்றக் கையையும் வைத்தான். இரண்டு கையின் மேலும் உட்கார்ந்தபடி, கோழி அடைகாக்கிற மாதிரி, கேட்டான்:

"அந்தச் சத்தம் கேட்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?"

எரிச்சலாக இருக்கும் என்று சொல்லத்தான் மார்லிஸ் வாயைத் திறந்தாள்.

"நல்லா இருக்கும்," என்றாள்.

அவளுக்கே திக்கென்றது. 

"யாரோ இருக்காங்கன்னு தெரியும்ல," என்றாள்.

வெளியே இயந்திர மழை இரைந்தது. கேலன் பார்த்துக்கொண்டே இருந்தான். இந்த இடத்தில் அவன் எதையாவது உளறியிருந்தால் அவள் தப்பித்திருப்பாள். உளறவில்லை.

"நாய் செத்துப்போச்சு," என்றாள் மார்லிஸ். "அக்டோபர்ல. மெசேஜ் வந்துச்சு. நான் அப்போ கார்ல சாப்பிட்டுட்டிருந்தேன். படிச்சேன். படிச்சுட்டு சாண்ட்விச்சை முழுசாத் தின்னு முடிச்சேன். அதைத்தான் என்னால... அப்புறம் யார்கிட்டயாவது சொல்லலாம்னு போன்ல பேரையெல்லாம் மேலேருந்து கீழ வரைக்கும் தள்ளிப் பார்த்தேன். ஒண்ணு, எனக்கு மார்க் போடறவங்க. இல்லைன்னா நான் மார்க் போடறவங்க. போனைக் கீழ வச்சுட்டு க்ளாஸுக்குப் போயிட்டேன். அன்னிக்குப் பாடம் துக்கத்தைக் கேட்பது எப்படின்னு. நல்லா நடத்தினேன்."

அதற்கப்புறம் அவளால் பேச முடியவில்லை. அழுகை வந்தது. அழகாகக் கன்னத்தில் வழிகிற அழுகை இல்லை, மூக்கு ஒழுகுகிற அழுகை. டிஷ்யூ பெட்டி இரண்டு நாற்காலிக்கும் நடுவில் இருந்தது. கேலன் அதைப் பார்க்கக்கூட இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். கையின் மேலேயே உட்கார்ந்திருந்தான். நேரம் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் அவளே கையை நீட்டி ஒன்றை உருவி மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"அக்டோபர்லேருந்து," என்றான் மெதுவாக, "நீங்க ஒருத்தரே இதை வச்சுட்டிருக்கீங்க."

"ஆமா," என்றாள்.

கேமராவை நிறுத்தின பிறகு அவன் கைகளை உதறினான். இரண்டும் மரத்துப்போயிருந்தன. "மேடம், அது கதைதானே?"

"கதைதான். மூணு சைஸ்."

"ரொம்பப் பெரிய மூணு," என்றான் கேலன். மேற்கொண்டு கேட்கவில்லை.

ஒத்திகை டேப்போடு ஒரு காகிதம் வைக்க வேண்டும். 'இதில் சொல்லப்பட்டது கற்பனையே என உறுதி கூறுகிறேன்' என்று அதில் ஒரு வரி. புதன்கிழமை மார்லிஸ் அதைக் காரில் ஸ்டியரிங்கின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போட்டால் கேலன் தேறிவிடுவான், அவள் நல்ல நடிகை என்று பெயர் வாங்குவாள். போடாவிட்டால் டேப் செல்லாது. பொய் சொல்லாதே என்று இருபத்து மூன்று வருஷம் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னவள், ரேடியோவின் சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

வியாழன் மதியம் மேற்பார்வையாளர்களை மேற்பார்வை செய்கிற கூட்டம். ஆமாம், அப்படியும் ஒன்று உண்டு. பேராசிரியர் ஆர்டித் ஓடல் மேஜையின் தலைப்பக்கம் உட்கார்ந்து டம்ளரிலிருந்து ஐஸ் கட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு வயது, ஆள் ஒல்லி, பல் மட்டும் இரும்பு. இன்னொரு மேற்பார்வை மாணவன் க்வென்டின் சேல்ஸ், இருபத்தொன்பது வயதுக்காரன். வியாழன் என்றால் கேன்டீனில் சில்லியும் சினமன் ரோலும். மார்லிஸும் ஆர்டித்தும் நெப்ராஸ்கா வழக்கப்படி காரக் குழம்பில் இனிப்பு ரொட்டியைப் பிய்த்து நனைத்துத் தின்றார்கள். ஜார்ஜியாவிலிருந்து வந்த க்வென்டின் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

டேப் ஓடியது. அழுகை இடத்தில் மார்லிஸ் தன் தட்டையே பார்த்தாள்.

"அபாரம், மார்லிஸ்!" என்றான் க்வென்டின். "எனக்கே நெஞ்சு அடைச்சுடுச்சு. நாடகத்துல நடிச்சிருக்கீங்களா?"

"ஸ்கூல்ல," என்றாள். "மரமா நின்னேன்."

ஆர்டித் ஐஸ் கடிப்பதை நிறுத்தியிருந்தாள். "க்வென்டின், எனக்கு ஒரு காபி கொண்டு வாயேன். மேல் மாடியில இருக்கற மெஷின்ல. கீழ இருக்கறது நல்லா இல்ல."

அவன் போனான். கதவு மூடியது.

"நாய்க்கு என்ன பேரு?" என்றாள் ஆர்டித்.

"ஓட்டோ."

"என்ன வயசு?"

"பதிமூணு."

"தூங்கும்போது எந்தப் பக்கமா..."

"இடது. வலது காது கேட்காது, அதனால நல்ல காதை அமுக்கிட்டுத் தூங்குவான், அப்பத்தான் தூக்கம்..." மார்லிஸ் நிறுத்திக்கொண்டாள்.

"என் மகளுக்குப் பேர் வைக்க எனக்கு ஆறு நாள் ஆச்சு," என்றாள் ஆர்டித். "கற்பனை நாய்க்கு நீங்க ஒரு செகண்ட்ல வைக்கறீங்க."

மார்லிஸ் சினமன் ரோலின் ஒரு துண்டைக் கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தாள். "கையெழுத்துப் போட்டது நான். அவனுக்குத் தெரியாது. என்னை என்ன வேணா பண்ணுங்க."

"உங்களை நான் என்ன பண்றது?" ஆர்டித் அந்தக் காகிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தாள். "இப்போ கேளுங்க. ரெண்டு வழி இருக்கு. இந்த டேப் நடக்கவே இல்லைன்னு வச்சுக்கலாம். நீங்க எப்பவும் போல மேற்பார்வையாளர், கேலன் வெளிய. இல்லைன்னா, ஒரு நிஜ மனுஷி வந்து நிஜமான ஒண்ணைச் சொன்னா, அவன் கேட்டான்னு பதிவு பண்ணலாம். அதுக்கு அந்த மனுஷி ஆலோசனைக்கு வந்தவங்கற பாரத்துல கையெழுத்துப் போடணும்."

"போட்டா?"

"போட்டா நீங்க அவனோட மேற்பார்வையாளர் இல்ல, அவன்கிட்ட வந்த ஆள். அவனோட செஞ்ச மணி நேரமெல்லாம் உங்க கணக்குல கிடையாது, வசந்த செமஸ்டர்ல மறுபடி முதல்லேருந்து. அவனை க்வென்டின் பார்த்துப்பான். அதுக்கப்புறம் கேலனோட காபி கிடையாது, வீட்டுக்குப் போறது வர்றது கிடையாது. சிநேகம் கிடையாது, மார்லிஸ். படிப்பு முடிஞ்சாலும்தான். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். ஆனாலும் யாரிடமும் சொல்லாமல் அவள் ஒன்றை நினைத்து வைத்திருந்தாள். மே மாதம் அவன் பட்டம் வாங்கிவிடுவான். அப்புறம் மேற்பார்வையும் இல்லை மதிப்பெண்ணும் இல்லை, அவனும் அவன் மனைவியும் இவளும் எங்கேயாவது உட்கார்ந்து ஒரு தட்டில் உருளைக்கிழங்கு வறுவல் வைத்துக்கொண்டு இந்த லீக்-வால்வுக் கதையைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று. மூன்று வருஷத்தில் அவள் போட்டுவைத்த ஒரே திட்டம் அது.

"டேப் தேறுமா?" என்றாள்.

"நாலு நிமிஷம் பதினோரு செகண்ட் அந்தப் பய வாயைத் திறக்கலை. டிஷ்யூவைத் தொடலை. பதினெட்டு வருஷமாச் சொல்லிக்கொடுக்கறேன், எனக்கே அது வராது."

"பாரத்தைக் குடுங்க."

சாதாரண பாரம்தான். நூற்றுக்கணக்கான பேரிடம் அவளே நீட்டியிருக்கிறாள். பெயர், விலாசம், பிறந்த தேதி. அப்புறம் ஒரு கட்டம்: அவசரமென்றால் யாரை அழைக்க வேண்டும்? மார்லிஸின் பேனா அங்கே நின்றது. லேலண்டின் நம்பர் மனப்பாடமாகத் தெரியும், அதை எழுத மாட்டாள். அம்மா போய் ஒன்பது வருஷம்.

"காலியா விடக் கூடாது," என்றாள் ஆர்டித், ஜன்னலைப் பார்த்தபடி.

மார்லிஸ் பயிற்சி மையத்தின் நம்பரையே எழுதினாள். ஆர்டித் வாங்கிப் படித்தாள். திருப்பிக் கொடுக்கவில்லை.

"நீங்க யார்கிட்டயாவது பேசணும்," என்றாள்.

"யார்கிட்ட?"

ஆர்டித் யோசித்தாள். ஊரில் ஆலோசகர்கள் மூன்றே பேர். ஒருத்தி போன வருஷம் மார்லிஸிடம் படித்தவள். இன்னொருவன் க்வென்டின். மூன்றாவது ஆர்டித்தேதான். இருவருக்கும் ஒரே சமயத்தில் கணக்குப் புரிந்தது. ஆர்டித்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் மார்லிஸுக்கும். க்வென்டின் காபியோடு உள்ளே வந்து, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாமல் தானும் கொஞ்சம் சிரித்துவைத்தான்.

வெள்ளிக்கிழமை கேலனிடம் முடிவைச் சொன்னவன் க்வென்டின்தான். மார்லிஸ் சொல்ல முடியாது, இனி அது அவள் வேலை இல்லை. அவள் கார் நிறுத்துமிடத்தில் தன் காரில் இருந்தாள். கேலன் கட்டடத்தை விட்டு வெளியே வந்து படிக்கட்டில் நின்றான். தொப்பியைக் கழற்றினான், மறுபடி போட்டான். பிறகு அந்தப் பெரிய உடம்போடு பனியில் ஒரு குதி குதித்து, வழுக்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, போனை எடுத்து யாரிடமோ கத்தினான். மார்லிஸ் கண்ணாடியை ஏற்றி வைத்திருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் காருக்குள் ஸ்டியரிங்கை இரண்டு முறை தட்டினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு பகல் வேளை, மளிகைக் கடையில் காய்கறிப் பக்கம் அவனைப் பார்த்தாள். கேலன் ஒரு கையில் முட்டைக்கோஸும் மறு கையில் இன்னொரு முட்டைக்கோஸும் வைத்து எடை பார்த்துக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி, சிவப்புக் கோட்டு போட்ட குள்ளமான பெண், வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கேலன் நிமிர்ந்தான். மார்லிஸைப் பார்த்தான். முகம் மலர்ந்தது. அடுத்த நொடி அந்த மலர்ச்சியை அவன் அடக்கிக்கொண்டு முட்டைக்கோஸைப் பார்க்க ஆரம்பித்தான்.

இந்தத் தொழிலில் இது ஒரு மரியாதை. தன்னிடம் வந்து பேசியவரைக் கடையிலோ சர்ச்சிலோ பார்த்தால் ஆலோசகர் முதலில் வணக்கம் சொல்லக் கூடாது. பக்கத்தில் இருக்கிறவர், இவரை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டுவிட்டால் அந்த மனிதர் என்ன சொல்வார்? அதனால் தெரியாத மாதிரி நிற்க வேண்டும். வந்தவர் விரும்பினால் அவராகப் பேசலாம். மார்லிஸே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் அம்மாக்களை இருபத்து மூன்று வருஷம் இப்படிக் கடந்து போயிருக்கிறாள். அவர்களுக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்போடுதான் போனாள். அந்தப் பக்கம் நிற்பவருக்கு அது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிந்தது.

வண்டியைத் திருப்பிப் பால் பக்கம் போய்விடலாம். போகவில்லை.

"கேலன்," என்றாள்.

"மார்லிஸ்," என்றான். முதல் தடவையாக மேடம் போடாமல். அதோடு நிறுத்திக்கொண்டான். எப்படித் தெரியும் என்பதைச் சொல்வதா வேண்டாமா என்பதை அவளிடமே விட்டுவிட்டு நின்றான்.

மனைவி திரும்பினாள். "மார்லிஸா? நீங்கதானா அது! செப்டம்பர்லேருந்து எங்க வீட்ல உங்க பேச்சுத்தான். மார்லிஸ் அப்படிச் சொன்னாங்க, மார்லிஸ் இப்படிச் சொன்னாங்கன்னு. நான்கூட வயசுப் பொண்ணுன்னு நினைச்சு உள்ளுக்குள்ள கொஞ்சம் எரிஞ்சேன், தப்பா நினைச்சுக்காதீங்க!"

"இப்போ நிம்மதியா?" என்றாள் மார்லிஸ்.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். "நான் ட்ரினா. இந்த மனுஷன் இப்போ வீட்ல நான் அழுதா பேசாம உட்கார்றாரு தெரியுமா? முன்னாடியெல்லாம் ஸ்பானரைத் தேடுவாரு. கிறிஸ்துமஸுக்கு எங்க வீட்டுக்கு வாங்களேன்! ஒரு பட்டாளத்துக்குச் சமைக்கறோம். உங்களுக்கு ஒரு தட்டு வைக்கறதுல என்ன இருக்கு? கேலன், நீ சொல்லேன்."

கேலன் சொல்லவில்லை. அவன் சொல்லக் கூடாது என்பது அவனுக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ட்ரினாவுக்கு மட்டும்தான் தெரியாது. யாரும் அதை ட்ரினாவிடம் விளக்கவும் முடியாது.

"வரலாம்தான்," என்றாள் மார்லிஸ். "ஆனா நான் ஊருக்குப் போறேன். அங்க எல்லாரும் காத்துட்டிருப்பாங்க."

"ஓ, நல்லது, நல்லது. பண்டிகையில தனியா இருக்கக் கூடாது," என்றாள் ட்ரினா.

கேலன் அவளைப் பார்த்தான். ஊரில் அவளுக்கு யாரும் இல்லை என்று அந்தக் கடையில் தெரிந்த ஒரே ஆள் அவன்தான். வாய் கொஞ்சம் திறந்தது. கையிலிருந்த இரண்டு முட்டைக்கோஸையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான். கண்ணை மட்டும் எடுக்கவில்லை. வெங்காயக் குவியலுக்கும் உருளைக்கிழங்கு மூட்டைக்கும் நடுவில், ஆட்கள் இடித்துக்கொண்டு போகிற இடத்தில், அவள் சொன்ன பொய்யை அப்படியே வாங்கிக்கொண்டு நின்றான்.

மார்லிஸ் தலையை ஆட்டினாள். அவனும் ஆட்டினான்.

"சரி, வா போலாம், க்ரீம் தீர்ந்துடும்," என்று ட்ரினா வண்டியைத் தள்ளினாள். அவர்கள் போனார்கள். வளைவில் ட்ரினா திரும்பிக் கையசைத்தாள். கேலன் திரும்பவில்லை, திரும்பக் கூடாது.

மார்லிஸ் ஒரு முட்டைக்கோஸை எடுத்தாள். ஒரு ஆளுக்கு அது ரொம்பப் பெரியது. இருந்தாலும் வண்டியில் போட்டுக்கொண்டாள்.